ஒரு மில்லிமீட்டர் மெழுகு: கடலடி எண்ணெய்க் குழாய்களைச் சுத்தம் செய்யும் கருவிகள்

அரபிக் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலிலிருந்து மும்பைக்கு அருகே உள்ள உரான் கரைக்கு வரும் பிரதானக் குழாயின் விட்டம் 30 அங்குலம். நீளம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதன் உள்சுவர் முழுக்க ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகு படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மெழுகு மட்டும் 450 கன மீட்டர் வருகிறது. ஒரு கருவியை உள்ளே விட்டு, இதை மொத்தமாக ஒரே ஓட்டத்தில் வழித்துத் தள்ளிக்கொண்டே வந்தால், கரை சேர்வதற்குள் அதன் முன்னால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மெழுகுக் கட்டை உட்கார்ந்திருக்கும். அவ்வளவு நீளக் கட்டையைத் தள்ளப் போனால் நகராது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் குழாய்க்குத்தான் ஆபத்து.

நிஜத்தில் மெழுகு இவ்வளவு சீராகப் படிவதில்லை. வழித்ததெல்லாம் கட்டையாகச் சேர்ந்துகொள்வதும் இல்லை. ஆனால் கடலடிக் குழாய்களைப் பராமரிப்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அடிக்கடி துடைத்தால் வேலை சுலபம். சில வருடம் விட்டுவிட்டால் துடைப்பதே ஆபத்தாகிவிடும். அழுக்கு ஏற ஏறக் கருவியை உள்ளே விடும் துணிச்சல் குறையும். துணிச்சல் குறையக் குறைய அழுக்கு இன்னும் ஏறும். கருவிகள் எவ்வளவு நவீனமானாலும் இந்தச் சுழலில் சிக்கிய குழாயை மீட்பது சாமானியமான வேலை இல்லை.

குழாய்க்குள் என்னதான் படிகிறது?

மும்பை ஹையில் எண்ணெய் இருப்பது 1974-இல் தெரியவந்தது. சாகர் சாம்ராட் என்ற துளையிடும் கலம்தான் முதல் கிணற்றைத் தோண்டியது. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியபோது எண்ணெய் கப்பலில்தான் கரைக்கு வந்தது. கடலடிக் குழாய் 1978-இல் வந்து சேர்ந்தது. வயல் இருப்பது மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, 75 மீட்டர் ஆழக் கடலில். அங்கே கிடைக்கும் கச்சா எண்ணெய்க்கு நல்ல பெயர் உண்டு: லேசானது, கந்தகம் குறைவு, சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பிடித்தமானது. ஒரே தொல்லை, மெழுகு அதிகம். ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஓடவே யோசிக்கும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாமல் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த நிலைதான்.

கிணற்றிலிருந்து எண்ணெய் சூடாகத்தான் வருகிறது. கடலடியில் கிடக்கும் இரும்புக் குழாய்க்குள் போனதும் சுற்றியுள்ள தண்ணீர் அந்தச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். குளிர்ந்த சுவரை ஒட்டி ஓடும் எண்ணெயில்தான் முதலில் மெழுகுப் படிகங்கள் உருவாகும். உருவானது சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் களிம்பு மாதிரி மென்மையாக இருக்கும். நாளாக ஆக, அதற்குள் சிக்கியிருக்கும் திரவ எண்ணெய் மெல்ல வெளியேறிக் கெட்டிப்பட்டுப்போகும். புது மெழுகை நுரைக்கட்டை ஒன்றால்கூட வழித்துவிடலாம். பழைய மெழுகுக்குக் கம்பித் தூரிகையும் கத்தியும் வேண்டும்.

மெழுகு கண்ணுக்குத் தெரியும் எதிரி. தண்ணீர் அப்படி இல்லை. கச்சா எண்ணெயோடு கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரும் கொஞ்சம் மணலும் சேர்ந்தே வரும். ஓட்டம் வேகமாக இருக்கும்வரை தண்ணீர் எண்ணெயோடு கலந்து போய்விடும். வயலுக்கு வயசாகி உற்பத்தி குறைந்தால் குழாயில் வேகமும் குறையும். தண்ணீர் பிரிந்து குழாயின் அடிப்பக்கத்தில் தேங்கும். அதன்மேல் மணலும் துருவும் வண்டலாகப் படியும். அந்த வண்டலுக்குக் கீழே காற்றில்லாத ஈரத்தில் ஒருவகை பாக்டீரியா குடியேறும். தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும் இனம் அது. இரும்பை அரிக்க இதைவிடத் தோதான சூழல் வேண்டாம். அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைத் தினமும் எண்ணெயோடு கலந்து அனுப்புகிறார்கள்தான். ஆனால் வண்டல் போர்வைக்கு அடியில் இருக்கும் இரும்பை அந்த ரசாயனம் தொடுவதே இல்லை. அதனால்தான் மருந்து போடுவதோடு நிறுத்தாமல், போர்வையையும் அவ்வப்போது கிளறி எடுக்க வேண்டியிருக்கிறது.

பிக் எனும் ஓட்டக் கருவி

கிளறி எடுக்கும் கருவிக்குத் துறையில் 'பிக்' என்று பெயர். அடிப்படை எளிமையானது. குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரிய, ரப்பர் போன்ற பாலியூரிதேன் வட்டுகளை ஒரு இரும்புத் தண்டில் வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். குழாய்க்குள் இறுக்கமாக உட்காரும் இந்தக் கருவியைப் பின்னாலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தமே தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் கிடையாது, கயிறு கிடையாது. 30 அங்குலக் குழாயில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஒரு 'பார்', அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவுக்கு, வித்தியாசம் இருந்தாலே போதும். நாலு டன் எடையைத் தூக்கும் அளவுக்குத் தள்ளுவிசை கிடைத்துவிடும். வினாடிக்கு ஒரு மீட்டர் என்று நிதானமாகப் போனால் மும்பை ஹையிலிருந்து உரானுக்கு வர இரண்டேகால் நாளுக்கு மேல் ஆகும்.

இதில் பல ரகம். நுரைக்கட்டைதான் கடைநிலை ஊழியன்: விலை மலிவு, நசுங்கும், வளையும், எங்கேயாவது சிக்கினாலும் அழுத்தத்தைக் கூட்டினால் பிய்ந்து துண்டு துண்டாக வெளியே வந்துவிடும். நிலைமை தெரியாத குழாயில் முதலில் அனுப்புவது இதைத்தான். அடுத்து கொஞ்சம் கெட்டியான நுரை, பிறகு மேலே பாலியூரிதேன் பட்டை சுற்றிய நுரை, அதற்கப்புறம்தான் இரும்புத் தண்டு, கம்பித் தூரிகை, காந்தம் எல்லாம். மெதுவாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். காந்தம் எதற்கு என்றால், குழாய்க்குள் விட்டுப்போன வெல்டிங் கம்பித் துண்டு, துரு செதில் போன்றவற்றை இழுத்துக்கொள்ள. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்டு வைத்த ரகமும் உண்டு; முன்னால் போக முடியாவிட்டால் எதிர்ப்பக்கமிருந்து தள்ளித் திரும்ப வரவழைக்கலாம்.

மெழுகுக் குழாய்களுக்கு இதில் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. பிக்கின் நடுவே வேண்டுமென்றே ஓட்டை விடுவார்கள். பின்னாலிருந்து வரும் எண்ணெயில் ஒரு பங்கு அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சியடித்து, வழிக்கப்பட்ட மெழுகைக் கரைசலாக்கி முன்னால் வெகுதூரம் பரப்பிவிடும். கட்டை சேராது. ஆனால் ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் தள்ளுவிசை போதாமல் கருவி நடுவழியில் நின்றுவிடும். அந்த அளவைச் சரியாகப் போடத் தெரிந்த ஆள்தான் இந்த வேலையில் கெட்டிக்காரர்.

கருவியை உள்ளே விடுவதும் எடுப்பதும் தனிக் கதை. அனுப்பும் இடத்தில், அதாவது கடல்மேடையில், குழாயின் தொடர்ச்சியாகவே சற்று அகலமான ஒரு பீப்பாய் இருக்கும். அதற்கு லாஞ்சர் என்று பெயர். கதவைத் திறந்து கருவியை உள்ளே தள்ளி, அதன் முதல் வட்டு குறுகலான பகுதியில் இறுகும்வரை கொண்டுபோய் வைப்பார்கள். கதவை மூடிக் காற்றை வெளியேற்றி, பீப்பாயையும் குழாயையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு பிரதான வால்வைத் திறந்து, கருவிக்குப் பின்னால் எண்ணெயைத் திருப்பிவிட்டால் அது கிளம்பிவிடும். குழாயின் மேல் பொருத்தியிருக்கும் சின்னக் கொடி ஒன்று படக்கென்று நிமிர்ந்தால், கருவி தாண்டிப் போயிற்று என்று அர்த்தம்.

மறுமுனையில் கதவைத் திறப்பதுதான் பதற்றமான கட்டம். கருவி வந்து சேரும் பீப்பாய்க்கு ரிசீவர் என்று பெயர். அதற்குள் அழுத்தம் மிச்சமிருந்தால் கதவும் கருவியும் பீரங்கிக் குண்டின் வேகத்தில் பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால் அழுத்தம் முழுக்க இறங்காமல் திறக்கவே முடியாதபடி பூட்டு வைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் கதவுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. திறந்ததும் முதலில் வருவது வாடை. ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம் என்பதால் மூச்சுக்கருவியும் வாயு அளக்கும் மானியும் இல்லாமல் கிட்டே போவதில்லை. அப்புறம் கறுப்பாகப் பிசுபிசுவென்று மெழுகு, மணல், துரு எல்லாம் சேர்ந்த சேறு வழியும். அதில் இரும்பு சல்பைடு கலந்திருந்தால் காய விடக் கூடாது. காற்றுப் பட்டுக் காய்ந்தால் தானாகவே தீப்பற்றும் பொருள் அது. அதனால் தண்ணீர் அடித்து நனைத்துக்கொண்டேதான் அள்ளுவார்கள். சில வயல்களில் இந்தச் சேற்றில் பூமிக்கடியிலிருந்து வந்த இயற்கைக் கதிரியக்கப் பொருளும் இருக்கும்; அப்போது மானி வைத்து அளந்து, தனி டப்பாவில் அடைத்து, தனிக் குப்பையாகத்தான் அனுப்ப வேண்டும்.

இந்தச் சேற்றைக் குப்பை என்று கொட்டிவிட மாட்டார்கள். எத்தனை கிலோ, எவ்வளவு மெழுகு, எவ்வளவு மணல், எவ்வளவு இரும்பு என்று எடைபோட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். போன தடவையைவிட மெழுகு கூடினால் ஓட்டும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். இரும்பு கூடினால் உள்ளே அரிப்பு நடக்கிறது. கருவியின் வட்டில் ஒரு பக்கம் மட்டும் கீறலோ வெட்டோ இருந்தால் குழாயில் எங்கோ துருத்தல் இருக்கிறது. பல நேரம் தண்டில் ஒரு அலுமினியத் தட்டையும் கோர்த்து விடுவார்கள். குழாயின் உள்விட்டத்தில் 95 சதவீதம் அளவுள்ள மெல்லிய தட்டு. அது வளையாமல் வந்தால் வழி சீராக இருக்கிறது. மடங்கி வந்தால் எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது. இவ்வளவு மலிவான ஒரு தகடு இவ்வளவு முக்கியமான சேதியைக் கொண்டுவருவது எனக்கு எப்போதுமே வியப்பு.

சிக்கிக்கொண்டால்?

கரையில் புதைந்த குழாயில் கருவி சிக்கினால் பள்ளம் தோண்டி, வெட்டி எடுத்துவிடலாம். கடலடியில் அது முடியாது. முதலில் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காகவே கருவியின் வயிற்றில் ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்து அனுப்புவார்கள். வினாடிக்கு 22 அதிர்வு என்ற மிகத் தாழ்ந்த அலைவரிசையில் மின்காந்தச் சிக்னல் அனுப்பும். இரும்புச் சுவரைத் தாண்டி வெளியே வரக்கூடியது அவ்வளவு தாழ்ந்த அலைவரிசை மட்டுமே. மேலே கப்பலிலிருந்து இறக்கிய ஆர்.ஓ.வி. என்ற ஆளில்லா வாகனம் குழாயின் மேலேயே தவழ்ந்துபோய் அந்தச் சிக்னலைத் தேடும். இடம் தெரிந்த பிறகு எதிர்ப்பக்கமிருந்து தள்ளிப் பார்ப்பது, ரசாயனம் விட்டு மெழுகைக் கரைப்பது, இன்னொரு கருவியைப் பின்னால் அனுப்பி இடித்துப் பார்ப்பது என்று முயற்சிகள் நடக்கும். எதுவும் பலிக்கவில்லை என்றால் கடலடியிலேயே குழாயை வெட்ட வேண்டியதுதான். அதற்குள் அந்தக் குழாயை நம்பியிருக்கும் கிணறுகள் எல்லாம் மூடிக் கிடக்கும். ஒரு நாள் உற்பத்தி இழப்பே பல வருட பிக் செலவைத் தாண்டிவிடும்.

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நல்ல உதாரணம் கடலிலிருந்து வரவில்லை. அலாஸ்காவின் பனிநிலத்திலிருந்து வந்தது. 2006 மார்ச் 2-ஆம் தேதி, ப்ரூடோ பே வயலில் பிபி நிறுவனம் நடத்திய 34 அங்குலக் குழாய் ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் கேலனுக்கும் மேல் கச்சா எண்ணெய் கசிந்திருப்பது தெரியவந்தது. தரைக்கு மேலே, கண்ணெதிரே கிடந்த குழாய்தான் அது. ஆனால் அதற்குள் கடைசியாகப் பிக் ஓடியது 1998-இல். அதே வயலின் கிழக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு குழாயில் 1990-களின் தொடக்கத்துக்குப் பிறகு ஓடவே இல்லை. பெரிய ஓட்டத்துக்குப் போட்ட குழாய். வயலில் உற்பத்தி சரிந்து, எண்ணெய் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. தண்ணீரும் வண்டலும் அடியில் தேங்கி, மேலே சொன்ன பாக்டீரியா அரிப்பு அப்படியே நடந்தது.

அதைவிடச் சங்கடமானது பிறகு நடந்தது. குழாய்க்குள் பிக் ஓட்டு என்று அரசு உத்தரவிட்டது. உடனே ஓட்ட முடியவில்லை. பல வருடத்து வண்டல் ஒரேயடியாகக் கிளம்பினால் அடுத்துள்ள பெரிய அலாஸ்கா குழாயில் போய் விழுந்து, அங்கேயும் அடைத்துவிடும் என்று கவலை. கடைசியில் ஆகஸ்டில் கிழக்குப் பக்கத்துக் குழாயிலும் அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டு, வயலையே மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் அது. அடுத்த ஆண்டு நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் கட்டியது. பிக் ஓட்டாமல் மிச்சம்பிடித்த காசு இந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது.

சுவரைப் படிக்கும் கருவி

துடைக்கும் கருவி ஓடி முடித்த பிறகுதான் படிக்கும் கருவி போகும். இதை இன்டெலிஜென்ட் பிக் என்பார்கள். பார்ப்பதற்கு நீளமான ரயில் பெட்டித் தொடர் போல, மூட்டு மூட்டாக இருக்கும்; ஒன்றில் காந்தம், ஒன்றில் உணரிகள், ஒன்றில் பேட்டரி, ஒன்றில் நினைவகம். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் வணிகரீதியாக வந்த இந்த யோசனை இன்றும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. வலுவான காந்தங்கள் குழாய்ச் சுவருக்குள் காந்தப்புலத்தை நிரப்பும். சுவர் முழுசாக இருந்தால் புலம் உள்ளேயே அடங்கி ஓடும். எங்கேயாவது இரும்பு அரித்துச் சுவர் மெலிந்திருந்தால் அந்த இடத்தில் புலம் வெளியே கசியும். உணரிகள் அதைப் பிடித்துப் பதிவுசெய்யும்.

இன்னொரு வகை, ஒலியலை. சுவருக்குள் அலையை அனுப்பி, உள்பக்கத்திலிருந்தும் வெளிப்பக்கத்திலிருந்தும் எதிரொலி வரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கனத்தை நேரடியாக அளந்துவிடும். இதற்கு உணரிக்கும் சுவருக்கும் நடுவே திரவம் வேண்டும். எண்ணெய்க் குழாயில் அதற்குப் பஞ்சமில்லை. மெழுகுதான் எதிரி. சுவரில் மெழுகு இருந்தால் எதிரொலி சிதறும். உணரியின் முகத்தில் அப்பிக்கொண்டால் அந்த இடத்திலிருந்து கடைசிவரை அது குருடு. லட்சக்கணக்கில் செலவழித்து ஓட்டிவிட்டு, பாதிக் குழாய்க்குத் தகவலே இல்லாத அறிக்கை வந்தால் யாருக்குக் கோபம் வராது? அதனால்தான் துடைப்பைக்கூட நல்ல ஒப்பந்தக்காரர்கள் பரிசோதனையின் பாகமாகவே எழுதுகிறார்கள்.

அரிப்பு எங்கே என்று எப்படிச் சொல்கிறது? கடலுக்கு அடியில் ஜி.பி.எஸ். கிடைக்காது. சுவரைத் தொட்டு உருளும் சின்னச் சக்கரங்கள் தூரத்தை எண்ணும். ஆனால் மெழுகில் சக்கரம் வழுக்கும். ஆகவே வெல்டிங்குகளையும் எண்ணுவார்கள். குழாய் 12 மீட்டர் துண்டுகளாக ஒட்டப்பட்டது; ஒவ்வொரு ஒட்டும் பதிவில் தெளிவாகத் தெரியும். 200 கிலோமீட்டரில் இப்படிப் பதினாறாயிரம் ஒட்டுகளுக்கு மேல் வரும். "இத்தனையாவது ஒட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, அடிப்பக்கத்தில், சுவரில் 40 சதவீதம் போயிருக்கிறது" என்கிற மாதிரிதான் அறிக்கை பேசும். குழாய் போட்ட காலத்துப் பதிவேடு பத்திரமாக இருந்தால் அந்த ஒட்டை வரைபடத்தில் தொட்டுக் காட்டிவிடலாம். பதிவேடு தொலைந்திருந்தால்? அதைப் பற்றிப் பேசினால் பழைய பொறியாளர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

இந்தக் கருவிகள் ஓட வேண்டுமென்றால் குழாயே அதற்குத் தோதாக இருக்க வேண்டும். வளைவு ரொம்பக் குறுகலாக இருக்கக் கூடாது. கிளைக் குழாய் பிரியும் இடத்தில் கம்பித் தடுப்பு வேண்டும். இல்லாவிட்டால் கருவி கிளைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். வால்வு முழுசாகத் திறக்க வேண்டும். உள்விட்டம் மாறக் கூடாது. பால்டிக் கடலில் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாயில் அழுத்தத்துக்கு ஏற்பச் சுவரின் கனம் மூன்று விதமாக மாறும். ஆனால் உள்விட்டம் 1,224 கிலோமீட்டருக்கும் 1,153 மில்லிமீட்டர்தான். ரஷ்யாவில் ஏறிய பிக் ஜெர்மனியில் இறங்க வேண்டும், நடுவில் நிலையம் கிடையாது என்பதால் கனத்தின் வித்தியாசத்தை எல்லாம் வெளிப்பக்கம் தள்ளிவிட்டார்கள். நார்வேயின் ஆஸ்கார்ட் குழாயில் கதை தலைகீழ். மேடைப் பக்கம் 28 அங்குலம், கடலடியில் 42 அங்குலம். அதற்காக, சின்னக் குழாயில் மடங்கிப் போய்ப் பெரிய குழாயில் விரிந்துகொள்ளும் கருவியைத் தனியாகச் செய்ய வேண்டி வந்தது. செய்துவிட்டார்கள், ஆனால் வரைபடப் பலகையில் இருக்கும்போதே தீர்த்திருந்தால் அந்தத் தலைவலியே இல்லை என்பதுதான் என் கட்சி.

ஆழக் கடலில் மேடையே இருக்காது. கிணறும் கடலடியில், குழாயும் கடலடியில். அங்கே இரண்டு குழாய்களைக் கடலடி முனையில் இணைத்து வளையமாக்கிவிடுவார்கள். ஒன்றில் போகும் பிக் மற்றதில் திரும்பி வரும். மெழுகே வேண்டாம் என்றால் குழாய்க்குள் குழாய் வைத்து, நடுவில் சூடுகாக்கும் பொருளை அடைப்பது இன்னொரு வழி. காக்கிநாடாவுக்கு அப்பால் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. 2024 ஜனவரியில் முதல் எண்ணெய் எடுத்த ஆழ்கடல் வயலில் மெழுகுத் தொல்லையைச் சமாளிக்க இந்த முறையைத்தான் கையாண்டார்கள். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. ஆழக் கடலடியில் தண்ணீர் நாலைந்து டிகிரிதான் இருக்கும் என்பதை நினைத்தால் இந்தச் செலவு ஆடம்பரம் இல்லை என்று புரியும்.

வெளிப்பக்கம்

உள்ளே மெழுகு என்றால் வெளியே சிப்பியும் பாசியும். கடலடியில் புதைந்த நீளமான பகுதிக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் ரைசர் பகுதியில்தான் கொட்டலசும் சிப்பியும் அடைஅடையாகப் பிடிக்கும். எடை கூடும், அலை அடிக்கும் பரப்பு கூடும், அடியில் நடக்கும் அரிப்பும் மறைந்துபோகும். உயரழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியால் மூழ்காளர்களோ ஆர்.ஓ.வி.யோ இதை உரித்தெடுக்கிறார்கள். வேறொரு எளிய சாதனமும் உண்டு: ரைசரைச் சுற்றி மாட்டிய உருளை வளையம். அலை ஏறி இறங்கும்போது அதுவும் ஏறி இறங்கித் தேய்த்துக்கொண்டே இருக்கும்; மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ரைசர் எவ்வளவு பலவீனமான இடம் என்பதற்கு மும்பை ஹையிலேயே சாட்சி இருக்கிறது. 1993 மே 17 அன்று அங்கே ரைசர் ஒன்று உடைந்து ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் அரபிக் கடலில் கலந்தது.

குழாயைத் துருவிலிருந்து காப்பது மேல்பூச்சும் ஆனோடுகளும். அலுமினியக் கலவையில் செய்த இந்த ஆனோடுகளை வளையல் மாதிரி குழாயில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக மாட்டியிருப்பார்கள். குழாய்க்குப் பதிலாக இவை கரையும். ஆர்.ஓ.வி. அவ்வப்போது போய் ஆனோடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று படமெடுக்கும். ஒரு முனையை இரும்பில் குத்தி மின்னழுத்தத்தை அளந்துவரும். கூடவே சோனார் வைத்து, குழாய்க்கு அடியில் மணல் அரித்துப் போய் அந்தரத்தில் தொங்கும் இடங்களைத் தேடும். அந்தரத்தில் நிற்கும் குழாயை நீரோட்டம் இடைவிடாமல் அதிரவைக்கும். நாளடைவில் ஒட்டு விரிசல் விடும். அங்கே சிமென்ட் கலவை நிரப்பிய பைகளை அடியில் முட்டுக்கொடுப்பார்கள், அல்லது கப்பலிலிருந்து நீண்ட குழல் வழியாகக் கல்லைக் கொட்டி மூடுவார்கள்.

நங்கூரத்துக்கு மட்டும் மருந்தில்லை. கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச் அருகே 2021 ஜனவரிப் புயலில் கப்பல் நங்கூரங்கள் இழுபட்டு, 16 அங்குல எண்ணெய்க் குழாய் ஒன்றை இருந்த இடத்திலிருந்து நூறு அடிக்கு மேல் நகர்த்திவிட்டன. யாருக்கும் தெரியவில்லை. அக்டோபரில் விரிசல் வாய் திறந்து எண்ணெய் கடற்கரைக்கு வந்த பிறகுதான் மூழ்காளர்கள் போய்ப் பார்த்து, குழாய் வில்லாக வளைந்து கிடப்பதைக் கண்டார்கள். இடையில் ஒரே ஒரு தடவை ஆர்.ஓ.வி. அந்தப் பக்கம் போயிருந்தால் போதும்.

நம் பக்கத்துக்கு வந்தால், 2023 மார்ச் 2 இரவு நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் சி.பி.சி.எல். (சென்னைப் பெட்ரோலியம்) நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடலில் கலந்தது. மீனவர்கள் பழுதுபார்த்தால் போதும் என்று சொல்லவில்லை. குழாயையே அகற்ற வேண்டும் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். அகற்றுவது என்றால் வெட்டித் தூக்குவது மட்டும் இல்லை. எந்தக் கடலடிக் குழாயையும் கைவிடும் முன் கடைசி முறையாகச் சுத்தம் செய்தாக வேண்டும்: நுரைக்கட்டைகளை வரிசையாக விட்டு, நடுநடுவே கரைப்பானும் தண்ணீரும் செலுத்தி, வெளியே வரும் தண்ணீரில் எண்ணெய் அளவு வரம்புக்குள் இறங்கும்வரை ஓட்ட வேண்டும். தள்ளுவதற்கு எண்ணெய் ஓட்டம் கிடையாது என்பதால் கரையில் தனிப் பம்பு வைக்க வேண்டும். கடல் முனையில் கருவியையும் கழிவையும் பிடிக்க ஒரு கப்பல் நிற்க வேண்டும். கரையோரத்தில் குறைந்த தூரத்துக்குப் போட்ட பழைய குழாய்களில் பெரும்பாலும் லாஞ்சரும் இருக்காது, ரிசீவரும் இருக்காது. அங்கே வேலை தொடங்குவதே முனைகளில் இந்தப் பீப்பாய்களைப் புதிதாக வெல்டிங் வைப்பதிலிருந்துதான்.